ஆயுத பூசைக்கு வெளுத்த பதக்கங்கள்

நிட்டிங் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாகிவிட்டது. கந்தவேல் ஓடிவந்து சலவைத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறான். பனியன் துணி வெளுக்கும் காஸ்டிக் சோடாத் தண்ணீர் சுர்ரென்று நுரைக்கிறது. அதில் ஊறியவை அவனுடைய சேகரிப்பு: அமெரிக்காவின் பழைய உலகப் பொருட்காட்சிகளில் விற்ற அலுமினியப் பதக்கங்கள். ஊர் ஊராகக் கடிதம் எழுதி, மாதக்கணக்கில் தபால்காரனுக்குக் காத்துக் கிடந்து சேர்த்தவை. மனைவி மருதம்மாள் கடைசிப் பதக்கத்தையும் மூங்கில் குச்சியால் தள்ளியெடுத்து, அலசி, முந்தானையில் துடைத்து நீட்டுகிறாள். வெயிலில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருக்கிறது.

"பூசைக்கு வெக்கறதுக்கு அழுக்கா இருந்துச்சுங்க."

"அலுமினியச் சட்டிய இதுல போடுவியா அம்மிணி?"

"அய்யோ, சட்டியத் தின்னுபோடுமுங்க!" அவள் கை அப்படியே நிற்கிறது. "பீரோவுல வெச்சுப் பூட்டுவீங்களே, வெள்ளின்னு நெனச்சனுங்க."

வெள்ளியாம்! கந்தவேல் நெற்றியில் அறைந்துகொள்கிறான். பதக்கத்தில் பொறித்திருந்த கோபுரமும் இல்லை, கொடியும் இல்லை, வருடமும் இல்லை. மருதம்மாள் தயங்கித் தயங்கிச் சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்க்கிறாள்.

"செரி, பொட்டாச்சும் வெக்கறனுங்க. எந்தப் பக்கமுங்க முன்பக்கம்?"

வெடுக்கென்று பிடுங்கிய கந்தவேல் அதைத் திருப்பிப் பார்க்கிறான். மறுபடியும் திருப்புகிறான்.