உள்பக்கக் கைப்பிடி

"இது மூணாவது தடவை! பூட்டைச் சரிபண்றியா, இல்ல என்னைச் சுத்தல்ல விடுறியா?"

அந்த அம்மாள் போட்ட சத்தத்தில், பட்டறையில் காத்திருந்த வேன் டிரைவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன வாரம் நீங்களே பத்துத் தடவை திறந்து பார்த்துட்டுத்தானேம்மா போனீங்க?" மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வீடு போய்ச் சேர்ந்து ரெண்டு நாள் வேலை செஞ்சது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுச்சு. எங்க குடியிருப்பிலேருந்து பதினாறு வண்டி உன்கிட்ட வருது. நான் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு நீ ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"ஈ ஓட்டவும் லைசென்ஸ் வேணுமாண்ணே?" என்றார் வேன் டிரைவர்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டறை போட்டு இரண்டு வருடம். பதினாறு வண்டி போனால் பாதிப் பிழைப்பு போச்சு.

அம்மாளின் கணவர், சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர்போல் நின்றிருந்தார்.

இருபத்தைந்து வருடப் பழைய கார். முதல் தடவை வந்தபோது, முன்சீட்டில் அம்மாள் உட்காரும் பக்கத்துக் கதவின் பூட்டு நிஜமாகவே இறுகிக் கிடந்தது. கிரீஸ் காய்ந்து, தூசி ஏறி, கல்லாகிப் போயிருந்தது; வெளியிலிருந்து பலமாக இழுத்தால் மட்டும் திறந்தது. எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவைத்து, அசைத்து அசைத்து, குழந்தைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு அதை விடுவித்திருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவையும் ஒரே புகார். வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளேயிருந்து திறக்கவில்லை.

கதவின் உள் அட்டையைக் கழற்றினார். பூட்டு பழுதில்லாமல் பளபளவென்று இருந்தது. அதையும் உள்பக்கக் கைப்பிடியையும் இணைக்கிற கம்பி மட்டும் கழன்று தொங்கியது. கம்பியைப் பிடித்து நிறுத்துகிற சின்ன கிளிப்பைக் காணோம்.

போன தடவையும் இதே கிளிப்தான். தானாக விழுந்தது என்றால் கதவுக்குள் அடியில் கிடக்க வேண்டுமே? விரலை விட்டுத் துழாவினார். இல்லை.

யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

எதிர்ப்பட்டறைக்காரனா? நிமிர்ந்தார். அம்மாளின் கணவர் மெக்கானிக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் நகத்துக்கடியில் கறுப்பாக ஒரு கோடு. கிரீஸ்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. மனைவி தானாக இறங்க முடியாதபடி கதவை முடக்கி வைக்கிற மனுஷன்! பார்த்தால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம்.

வேன் டிரைவர் போன் பேசியபடி வெளியே போயிருந்தார். அம்மாள் நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றாள்.

மெக்கானிக் அவள் கணவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "சார், கிளிப் உங்க பையிலதானே இருக்கு?"

அவர் மறுக்கவில்லை.

"பொம்பளையை உள்ள வச்சுப் பூட்டுறது என்ன சார் பழக்கம்? உங்க வீட்டு ராஜ்ஜியத்துக்கு நான் பேச்சு வாங்கணுமா? இருங்க, இப்பவே அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டறேன்."

"ரெண்டு தடவையும் நான்தான் கழற்றினேன், தம்பி." அவர் சாதாரணக் குரலில், கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

மெக்கானிக் பதறிவிட்டார். "மெதுவா சார்! அம்மா காதுல விழப்போகுது."

"விழாது."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். அம்மாள் அசையவே இல்லை.

"மூணு வருஷமா குறைஞ்சுக்கிட்டே வருது. முகத்தைப் பார்த்துப் பேசினா உதட்டை வச்சுச் சமாளிச்சுடுவா. டாக்டர்கிட்ட போகலாம்னா, நீங்கதான் முனகுறீங்கங்கறா. டிவி முனகுது, மருமக முனகுறா, ஊரே முனகுதாம்." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "நீங்க பூட்டைச் சரிபண்ணின மறுநாள், நான் வண்டியை நிறுத்தறதுக்குள்ள படக்குனு திறந்துட்டா. பின்னாடி ஒரு பைக் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. ஒரு காலை வெளியே வச்சுட்டா, தம்பி. ஒரு சாண்ல தப்பிச்சா. பைக்காரன் அவ்வளவு ஒட்டிப் போனதுகூட அவளுக்குத் தெரியாது. ஏன் இப்படி வேர்த்திருக்குன்னு என்னைக் கேட்டா."

மெக்கானிக் மறுபடி அம்மாளின் முதுகைப் பார்த்தார்.

"பூட்டு இறுகிக் கிடந்தப்ப நான் சுத்தி வந்து, பின்னாடி பார்த்துட்டுத் திறந்து விடுவேன். அந்த நாலு மாசம்தான் நிம்மதியா வண்டி ஓட்டினேன்."

"அம்மாகிட்ட எடுத்துச் சொல்லக்கூடாதா, சார்?"

"சொன்னேன். என்னைச் செவிடுங்கறீங்களான்னு ரெண்டு நாள் சாப்பிடல." பையிலிருந்து கிளிப்பை எடுத்து நீட்டினார். "உங்க பேரைக் கெடுத்துட்டேன். காட்டிடுங்க, தம்பி. நியாயம் அதுதான்."

வேன் டிரைவர் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பைக்கோடு இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எதிர்ப்பட்டறைக்காரன் வாசலில் கைகட்டி வேடிக்கை பார்த்தான்.

அம்மாளும் திரும்பினாள். "என்னப்பா, கண்டுபிடிச்சியா? இனிமேலாவது உள்ளேருந்து திறக்குமா, திறக்காதா?"

மெக்கானிக் கிளிப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"திறக்காதும்மா. தப்பு என்மேலதான்" என்றார், தலையைக் குனிந்தபடி.

"என்ன?"

அவர் நிமிர்ந்தார். மூச்சை இழுத்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினார்.

"எனக்கு இந்த வேலை தெரியலம்மா! இனிமே சார் வந்துதான் உங்களுக்குக் கதவைத் திறந்து விடணும்!"