ஆறு மணித் தடுப்பு

தெருமுனையில் தடாலென்று இரும்புத் தடுப்பு விழுந்தது. நர்ஸ் செலின் மூச்சிரைக்க ஓடிவந்தும் பயனில்லை. மூன்றே வருடத்தில் அந்தத் தெரு வீடுகளெல்லாம் மதுக்கூடங்களாகிவிட, மிச்சமிருந்தது அவள் குடியிருந்த மாடி மட்டும்தான். அங்கே எட்டு வயது மகள் தனியாக இருந்தாள். ஆறு மணிக்குமேல் மணிக்கட்டில் அனுமதிக்கான ஊதா முத்திரை இருந்தால்தான் யாரையும் உள்ளே விடுவார்கள். செலினின் முத்திரையோ வார்டில் கை கழுவிக் கழுவியே அழிந்து போயிருந்தது.

“அண்ணே, நான் இங்கதான் குடியிருக்கேன். வீட்டுல பாப்பா தனியா இருக்கா.”

“தினம் பத்துப் பேரு இப்படித்தான் சொல்றாங்க. பேரு என்னம்மா?” என்றான் புதிய காவலாளி.

“செலின். பதினாலாம் நம்பர் மாடி.”

அவன் நோட்டைப் பார்த்தான். பிறகு விளக்கெரிந்த அந்த மாடியை அண்ணாந்து பார்த்தான்.

“செலின் சிஸ்டர் இப்பத்தானே உள்ளே போனாங்க? பாப்பாவே ஓடிவந்து கதவைத் தொறந்துச்சே!”