இறக்கையின் அடிப்பக்கம்

ராக்கப்பன் தன் தச்சுப் பட்டறையில் மல்லாந்து படுத்திருந்தான். குமிழ மரத்தில் செய்த இறக்கையை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

வாசலில் சைக்கிளை நிறுத்திய டிராயிங் வாத்தியார் வீரணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக் காலை உத்தமபாளையம் தாலுகா கச்சேரியில் விமானப் பொம்மையை ஒப்படைக்க வேண்டும். ஜப்பான் விமானம் வந்தால் எப்படி இருக்கும் என்று, வானத்தைப் பார்த்துக் காவல் இருக்கும் ஆட்களுக்குக் காட்ட, தாசில்தார் கேட்டிருந்தார். நான் செய்து தருகிறேன் என்று முன்னால் போய் நின்றவர் வீரணன்தான்.

"வெளையாடுறியா ராக்கப்பா?"

"வேல பாக்குறேன்யா."

"படுத்துக்கிட்டா?"

அவன் எழுந்து உட்கார்ந்து இறக்கையை நீட்டினான். வாங்கிப் பார்த்த வாத்தியார் பல்லைக் கடித்தார். மேல்பக்கம் இழைத்ததோடு சரி. கழுவிக் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி மொழுக்கென்று இருந்தது.

"படத்துல இருக்கிற கோடெல்லாம் எங்க? ஆணித்தல எங்க? நாப்பது அடிய ஒரு அடியாக் கொறைக்கணும், ஒரு கோடு விடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"கீழ இருக்குய்யா. திருப்பிப் பாருங்க."

திருப்பினார். அடிப்பக்கம் முழுக்கச் சிற்றுளி வேலை. தகடும் தகடும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடுகள், கடுகளவு ஆணித்தலைகள். சக்கரக் காலுக்குப் பின்னால் எண்ணெய் வழிந்த கறையைக்கூடத் தீட்டியிருந்தான்.

"இத யாரு கேட்டா?"

"கயித்துல கட்டித் தொங்கவிடப் போறாக. பாக்குறவுக அண்ணாந்துதான பாப்பாக?"

"எனக்கே பாடமா? படத்துல உள்ளதச் செய்யி."

"மேப்பக்கம் எனக்குத் தெரியாதுய்யா. தெரியாதத நான் செதுக்க மாட்டேன்."

வாத்தியாருக்குக் காது சிவந்தது. "போன வருசம் பர்மாவுல இருந்து கிழிஞ்ச வேட்டியோட ஒத்தையா வந்து நின்னியே. அப்ப எங்க போச்சு இந்தத் திமிரு?"

 ராக்கப்பன் பக்கத்தில் கிடந்த உளியை எடுத்து இறுக்கிப் பிடித்தான்.

வாத்தியார் படத்தை எடுத்து இறக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. தாசில்தார் கொடுத்தது ஒரே படம். அதுவும் மேலிருந்து எடுத்தது. அடிப்பக்கத்துக்குப் படமே இல்லை.

குரலைத் தாழ்த்தினார். "எதிரி விமானம்டா இது. அடிப்பக்கத்த உனக்கு யாரு காட்டுனா?"

அவன் உளியைக் கீழே வைத்தான்.

"ஜப்பான்காரன் கூட ஒட்டும் உறவுமா இருந்தியா அங்கன? உண்மையச் சொல்லிரு. இல்லேன்னா இப்பவே போலீஸ் டேசனுக்குப் போறேன்."

ராக்கப்பன் அவர் கையிலிருந்து இறக்கையை வெடுக்கென்று பிடுங்கினான். பழையபடி மல்லாந்து படுத்து, அதை முகத்துக்கு நேரே பிடித்தான். இடது கை தானாக மடங்கி, எதையோ அணைத்தது போல நெஞ்சின் மேல் நின்றது.

"எம் மக கடைசியாப் பாத்தது இந்தப் பக்கந்தான்யா."