ஒரு நிமிடப் பச்சை

லாரி நீளமானால் லாரிகளின் எண்ணிக்கை குறையும் என்று சொல்லித்தான் அனுமதித்தார்கள். குறைந்தது உண்மைதான். இப்போது ஒரு லாரி ஊரைக் கடந்து முடிக்கவே அரைநாள் ஆகிறது. அடுத்தது வருவதற்குள் ஊர்க்காரர்களுக்கு ஒரே ஒரு நிமிடம் பச்சை விழும்.

அப்பாவின் பாடைக்கு முன்னால் தீச்சட்டியோடு நடந்த தணிகாசலம், மாலைப் பச்சையில் சாலையைக் கடந்தான். கொள்ளி வைப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் பார்க்கவில்லை. சாலை இரைச்சலில், பின்னால் மேளச் சத்தம் நின்றுபோனதும் தெரியவில்லை. சுடுகாட்டில் அடுக்கியிருந்த வரட்டிகளுக்கு முன்னால் போய் நின்றபோதுதான் கூட யாருமே வரவில்லை என்று புரிந்தது.

போன் அடித்தது. சித்தப்பா.

"ரோட்டோரம் பாடைய எறக்கித் தல மாத்தி வச்சோம்டா. திரும்பத் தூக்கறதுக்குள்ள செவப்பு விழுந்துடுச்சி."

"எப்பவும் அங்கதான சித்தப்பா மாத்துவோம்?"

"அப்பல்லாம் ரெண்டு நிமிசம் குடுத்தானுங்க. இனிமே காலையிலதான். அதுவரைக்கும் நெருப்ப அணைய விட்டுடாதடா."

சட்டியில் கங்கு சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. தணிகாசலம் அடுக்கிலிருந்து ஒரு வரட்டியை உருவிச் சட்டியில் போட்டு ஊதினான். சற்று நேரம் கழித்து இன்னொன்று. காலைக்குள் அப்பாவுக்கு எத்தனை மிஞ்சும் என்று அடுக்கைப் பார்த்தான்.