கண்ணீர் வசூல்

ஒரு நாட்டின் பண்பாடு அதன் குடும்பப் படங்களின் வசூலில்தான் உயிர் வாழ்கிறது. அதனால்தான் திருச்சியில் அந்த வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக வந்தவர்களை நாற்காலியோடு பெல்ட் போட்டுப் பூட்டினார்கள்.

வசூலில் இப்போது டிக்கெட் சேராது, அழுத தலைகள் மட்டுமே சேரும். நாற்காலியில் ஈரம் பட்டால் சிவப்பு விளக்கு பச்சையாகும். மூன்று படங்களுக்குத் தொடர்ந்து யாராவது ஒருவர் அழாவிட்டாலும் குடும்பச் சான்று ரத்து. சான்று இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடையாது. தாமோதரன் கடந்த இரண்டு படங்களுக்கும் அழவில்லை.

திரையில் ஒரு தாய், மூத்தவனுக்குச் சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு வந்த கையோடு இளையவனுக்கு இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். அரங்கமே விசும்பியது. மனைவி வசுமதிக்கும் மகளுக்கும் பச்சை விழுந்துவிட்டது.

"என்னங்க, உங்க அம்மாவ நெனச்சுக்கோங்க."

"நெனச்சேன்டி. கோவந்தான் வருது."

"அப்பா, ப்ளீஸ்ப்பா. என் ஸ்கூல் போயிடும்ப்பா."

தாமோதரன் கண்ணைக் கசக்கினான், கொட்டாவி விட்டுப் பார்த்தான். ஒரு சொட்டு வரவில்லை. அதற்குள் பரிசோதகர் டார்ச்சோடு படியிறங்கி வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"சார், குடும்பச் சான்ற எடுங்க."

தாமோதரன் பயத்தில் நாற்காலிக்குள் ஒடுங்கினான். மகள் அவன் சட்டையை இறுகப் பற்றினாள். அந்த நேரம் பார்த்து விளக்கு பச்சையானது.

"பாத்தீங்களா, கல்லையும் கரைக்கிற படம் சார் இது!" என்று பரிசோதகர் நெகிழ்ந்துபோய் அவன் தலையை வசூலில் சேர்த்துக்கொண்டார்.

தாமோதரனின் பேன்ட்தான் நனைந்திருந்தது.