அலமாரியில் இரண்டு

ஜவளகிரி காட்டுக்குள் நாங்கள் நடக்கப் புறப்பட இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. அங்கே செல்போனில் சிக்னல் கிடைக்காது. ஆபத்தென்றால் செயற்கைக்கோள் வழியாக நம் இருப்பிடத்தை மெயிலில் அனுப்பும் கருவி ஒன்று கம்பெனி அலமாரியில் இருப்பதாக சிவராஜ் அண்ணன் சொல்லியிருந்தார். இரண்டு இருந்தன.

ஓசூர் ஆபீஸ் மொட்டைமாடியில் இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். வெள்ளைக் கருவியின் மெயில் ஓசூரைக் காட்டியது. ஆரஞ்சுக் கருவி மூன்று முறையும் ஜவளகிரியைக் காட்டியது.

"நமக்கு முன்னாடியே கெளம்பிடுச்சு போல," என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "நீ வெள்ளைய எடுத்துக்கம்மா."

ஆரஞ்சை அவர் தொடவே இல்லை.

"இதுலதான் பேட்டரி முழுசா இருக்கு. எதையோ மறைக்கிறீங்கண்ணா."

அண்ணன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"போன வருஷம் செத்துப்போன பிரதாப்போடது. ஜவளகிரியில புதைக்கறப்ப அவன் சட்டைப்பையில நான்தான் வெச்சேன்."