துறைமுகம் வேண்டும்

தொலைக்காட்சியில் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

குரல் வேறு யாருடையதோ.

"துறைமுகம் வந்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வாழ்வு என்று மீனவப் பெண் ஜெசிந்தா கண்ணீர் மல்கக் கூறினார்."

கண்ணீர் உண்மைதான்.

காலையில் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அழுதாள். "துறைமுகம் வந்தா எங்க கடல் செத்துரும் சார், நாங்களும் செத்துருவோம்" என்று கலெக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அழுதாள். ஊரில் வேறு யாரும் மைக்கைத் தொடவில்லை. முன்வரிசைச் சோபாவில் ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் தேர்தல் செலவு தொழிலதிபர் மகிபாலனுடையது.

வரப்போகும் துறைமுகம் அவருடையது. இந்தச் சேனலும்.

அவள் புருஷன் சூசைக்கு டயாலிசிஸ் செய்வதும் அவருடைய அறக்கட்டளை ஆஸ்பத்திரிதான். காசு வாங்குவதில்லை. வாசலுக்கே வேன் அனுப்புகிறார்கள்.

தெரிந்துதான் பேசினாள்.

வீடு திரும்பியதிலிருந்து சூசையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீங்கிய காலை நீட்டிப் பாயில் கிடந்தான்.

செய்தி முடிந்ததும் தலையைத் தூக்கினான்.

"அப்போ நாளைக்கு வேன் வரும்லா?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

கொல்லத்திலிருந்து தம்பி. துறைமுகத்தை எதிர்த்துப் போலீஸிடம் அடி வாங்கி, வழக்குக்குப் பயந்து ஊரை விட்டே போனவன். "நீயாச்சும் பேசுக்கா" என்று நேற்று கெஞ்சியிருந்தான்.

"டிவி பாத்தேன்க்கா."

அவள் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"அத்தானுக்காகத்தான்னு எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் தப்பா நெனைக்கலக்கா. நீ வெசனப்படாத."

அவன் திட்டியிருக்கலாம்.

நான் அப்படிச் சொல்லவே இல்லலே. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சொன்னால் அவன் சும்மா இருக்கமாட்டான். அந்த நிமிஷமே ஊரெல்லாம் போன் போட்டு, சேனல் சொன்னது பொய் என்று கத்துவான். விடிவதற்குள் மகிபாலனின் ஆட்கள் காதுக்குப் போய்விடும்.

சூசை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். போனில் பேசுவது அவனுக்கும் கேட்டிருந்தது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"ஆமாய்யா," என்றாள். "அத்தானுக்காகத்தான்."

சூசை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.